ரேகை தேடிய வாரம்

நடமாடும் நோட்டரியின் வெள்ளை வேன் மேல்கொல்லைக்குள் வந்து நின்ற திங்கட்கிழமையில்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கைரேகை இல்லை என்கிற சங்கதி வெளிப்பட்டது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அதை நம்ப வேண்டாம், எங்களுக்கு அது எப்போதோ தெரியும். மேல்கொல்லை முந்திரிக்கொட்டை உடைக்கிற ஊர். விடிந்ததும் கம்பெனிக் கொட்டகையில் உட்கார்ந்து, கொட்டையைத் தட்டித் தட்டிப் பருப்பெடுக்கிற பெண்களின் விரல்களை ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிடும், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டாலும் தின்னும், சாம்பலில் புரட்டிக்கொண்டாலும் தின்னும், கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த ரேகை முதல் பிள்ளை நடக்கத் தொடங்குவதற்குள் போய்விடும், அதற்காக யாரும் உட்கார்ந்து அழுததும் கிடையாது. ரேஷன் கடை மிஷின் எங்கள் பெண்களின் விரலைக் கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டும், வீட்டு ஆம்பிளையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ போய் விரலை வைத்தால் பச்சை காட்டும், அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஓட்ட முடியாத ஒரு அவசரம் அஞ்சலாட்சிக்கு வந்தது. அவள் மகள் சங்கவி பதினோராம் வகுப்புப் படிக்கிறாள், அது ஒரு பேச்சுக்குத்தான், உண்மையில் அவள் கபடி ஆடுகிறாள். மாவட்டத்தில் ஆடி, மாநிலத்தில் ஆடி, கடைசியில் பாங்காக்கில் நடக்கப்போகிற போட்டிக்குப் போகிற பெண்கள் அணியில் அவள் பெயரும் வந்துவிட்டது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும், தகப்பன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால் அதைச் சொல்லித் தாய் மட்டும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், அதில் நோட்டரி முத்திரை வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது கடலூரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கவியின் இடத்தில் வேறு பெண் விமானம் ஏறுவாள். இதையெல்லாம் பி.டி. டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அஞ்சலாட்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான், அந்தக் கட்டைவிரலோ கழுவின கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது.

தகப்பன் தணிகாசலத்தின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் கணுக்கால் பிடிக்கிறதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது, அவன் கையில் கால் சிக்கினால் காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்வோம். சங்கவி தவழ்ந்துகொண்டிருந்த வருசம், மாசித் திருவிழா ஆட்டத்தின் கடைசிப் பாட்டில், பாடி வந்த எதிராளியின் காலைப் பிடித்தவன் என்ன நினைத்தானோ பிடியை விட்டுவிட்டான். ஊர்க் கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. எங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, பொழுது விழுவதற்குள், போட்டிருந்த பனியனோடு, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போனவன்தான். ஒரு கோப்பைக்காக ஓடிப்போன ஒரே ஆள் உலகத்திலேயே எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருப்பான். அஞ்சலாட்சி அதற்கப்புறம் அவன் பெயரைச் சொல்லவும் இல்லை, பொட்டை அழிக்கவும் இல்லை, மகள் காலி மனைகளில் கோடு கிழித்து ஆடியபோது தடுக்கவும் இல்லை.

ஆக அந்தத் திங்கட்கிழமை வேன் வந்தது. உப்பு விற்கிற வண்டி மாதிரி அதன் தலையிலும் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. உறுதிமொழிப் பத்திரம், பெயர் மாற்றம், அதிகாரப் பத்திரம், நகல் சரிபார்ப்பு, எல்லாம் உங்கள் வாசலுக்கே வந்து செய்து தரப்படும் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது, வேனை ஓட்டிக்கொண்டு வந்ததும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான். பெயர் ஜமீலா, கறுப்புக் கோட்டை இருக்கையின் முதுகில் மாட்டிவைத்திருந்தாள், பின்பக்கக் கதவைத் தூக்கினால் அதற்குள் மேசை, கம்ப்யூட்டர், பேட்டரியில் ஓடுகிற பிரிண்டர், மைப்பெட்டி, உருண்டை முத்திரை, ஒட்டுவதற்குச் சிவப்பு வட்டம் எல்லாம் ஒரு குட்டி ஆபீசாக இருந்தது. ஊரே திரண்டுவிட்டது. பத்திரத்துக்குக் காத்திருந்த பெண்கள் எங்கள் ஊரில் அத்தனை பேர் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒருத்திக்கு ஆதாரில் ஒரு பெயர் பட்டாவில் ஒரு பெயர், ஒருத்திக்குப் பிள்ளையின் இனிஷியல் தப்பு, எல்லாரும் சங்கவியின் தாயை முன்னால் விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள்.

ஜமீலா அஞ்சலாட்சியின் விரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது, உள்ளே ஒரு கோடு இல்லை. துடைத்து மறுபடி வைத்தாள், அதே பொட்டு. அடுத்தவளைக் கூப்பிட்டாள், அவளுக்கும் பொட்டு, அதற்கடுத்தவளுக்கும் பொட்டு, வரிசை முழுக்கப் பொட்டு வைத்துத் தாளே கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. காலையிலிருந்து ஐந்து ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தவளுக்கு அலுப்பு வந்துவிட்டது. ரேகை தெரியாமல் இது எங்கேயும் செல்லாது, நான் முத்திரை வைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, கதவை இறக்கும்போது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன். ரேகைய எங்க விட்டீங்களோ, அதுக்குள்ள தேடி எடுத்து வைங்கக்கா."

வேறு ஊராக இருந்தால் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார்கள். மேல்கொல்லையில் வக்கீல் சொன்னால் சொன்னதுதான், அதிலும் முத்திரை வைத்திருக்கிற வக்கீல் சொல்லிவிட்டாள். வேன் கிளப்பிவிட்ட புழுதி அடங்குவதற்குள் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கள் தங்கள் ரேகையைத் தேடப் புறப்பட்டுவிட்டார்கள்.

தேடியதால் கிடைத்தது. முதலில் கண்டெடுத்தவள் அஞ்சலாட்சிக்கு அடுத்த வீட்டுத் தையநாயகி. அவள் கொல்லைப் பலாமரத்தில் தாழத் தொங்கிய ஒரு காயின் மேல், முள்ளெல்லாம் வரிசை கட்டிச் சுழித்துச் சுழித்து நடுவில் ஒரு கண்ணாகக் கூடியிருந்தது, குறுக்கே ஒரு கோடும் ஓடியது, அது சின்ன வயதில் அவள் விரலில் அரிவாள் பட்ட தழும்பு. தன் கன்றை மாடு அடையாளம் தெரிந்துகொள்கிற மாதிரி அவள் தன் ரேகையைத் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் ஊரெங்கும் ஒரே கண்டுபிடிப்பாக இருந்தது. ஒருத்தியுடையது வெள்ளாட்டின் நெற்றியில் மயிர்ச் சுழியாக இருந்தது, ஒருத்தியுடையது மாமியார் வீட்டு நிலைப்படியின் மர வரியில் இருந்தது, ஒருத்தியுடையது குளத்துத் தண்ணீரில் கரையோரமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது, ஒருத்தியுடையது புதிதாக உழுத காட்டில் உழவுச்சால் முழுக்கப் பரந்து கிடந்தது, அதைப் பார்க்க அவள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது, நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிதாகவா இருந்தேன் என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

இதை உறுதிப்படுத்தியது ரேஷன் கடை. தையநாயகியும் அவள் புருசனும் பலாக்காயைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் மிஷினில் அமுக்கினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, தையநாயகி என்று பெயரும் வந்தது. கடைக்காரர் காயையும் பார்த்தார், விளக்கையும் பார்த்தார், பச்சை எரிந்தால் அரிசி போட வேண்டும் என்பதுதான் தனக்குச் சொல்லப்பட்ட விதி என்று சொல்லி அளந்து போட்டார். மறுநாளிலிருந்து அந்தக் கடை வாசலில் ஆடும் பூசணியும் கதவுப் பலகையும் தோசைக்கல்லும் வரிசையில் நின்றன. ஆடுகளை ஓரமாகக் கட்டச் சொன்னதைத் தவிர அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா. பஞ்சாயத்துத் தலைவர் கூட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் எதையும் பறிக்கவோ அறுக்கவோ இடிக்கவோ கூடாது, சமைக்கிற காயைக்கூட நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னார். ஒருத்தியின் ரேகை இன்னொருத்தி வீட்டுப் பொருளில் இருந்தால் அதை இரவல் கொடுக்க மறுக்கக் கூடாது என்றும் தீர்மானமாகியது, அதனால் பத்து வருசமாகப் பேசாமலிருந்த ஓரகத்திகள்கூட ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டார்கள். தையநாயகிக்குத்தான் கவலை, அவள் பலாக்காய் பழுக்க ஆரம்பித்து வாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் தாயி என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் கிடைத்தது, அஞ்சலாட்சிக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் வீட்டுச் சுவரைச் சுரண்டிப் பார்த்தாள், முருங்கை இலையை ஒவ்வொன்றாகத் திருப்பினாள், கம்பெனிக் கொட்டகையில் தான் உட்காருகிற இடத்தின் மண்ணைச் சல்லடையில் சலித்தாள். தங்கள் வேலை முடிந்த பெண்களெல்லாம் அவளுக்காகத் தேட இறங்கினார்கள், ஆம்பிளைகளும் இறங்கினோம், எங்கள் ஊர் அதற்கு முன்னால் ஒரு விசயத்துக்காக அப்படி ஒன்றாகக் குனிந்ததே கிடையாது. எல்லாருக்கும் சங்கவியின் விமானம் கண் முன்னால் பறந்துகொண்டிருந்தது. சங்கவியோ தேடவில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் மூச்சுப் பிடித்துப் பாடிப் பாடிப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் ஆடுவதை நிறுத்திவிட்டால் அம்மா தேடுவதையும் நிறுத்திவிடுவாள் என்று டீச்சரிடம் சொன்னாளாம்.

வியாழக்கிழமை மத்தியானம் பலாப்பழ லோடு இறக்கிவிட்டு வந்த லாரி டிரைவர் ஜெயசீலன், வண்டியை நிறுத்தாமலே ஆரனை அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தான். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் பரோட்டா சாப்பிட்டானாம், மாவடிக்கிற ஆள் முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தானாம், வியர்வை துடைக்கத் துண்டை விலக்கியபோது பார்த்தால் இடது கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, எண்ணெய் பூசிய மாதிரி மின்னிக்கொண்டிருந்ததாம். அது தணிகாசலம். சொல்லி முடித்ததும் ஊரே அஞ்சலாட்சியைப் பார்த்தது. அவள் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் உள்ளே போனதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அந்த மாசித் திருவிழா அன்று, கோப்பையைத் தோற்றுவிட்டு வந்தவனை அவள் வாசலிலேயே ஓங்கி ஒரு அறை விட்டிருக்கிறாள், அதுதான் பதிந்திருக்கிறது என்று ஒரு கட்சி. ஆட்டத்துக்குப் போகிறதற்கு முன்னால் கண்பட்டுவிடக் கூடாதென்று கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள், அதுதான் என்று இன்னொரு கட்சி. ஆம்பிளைகளில் பெரும்பாலும் அறைக் கட்சி, பெண்களில் பெரும்பாலும் பொட்டுக் கட்சி. அறைந்தால் ஐந்து விரலும்தானே விழ வேண்டும் என்று பொட்டுக் கட்சி கேட்டது, பொட்டு வைத்தவள் எதற்குப் புருசன் பெயரையே சொல்லாமல் இருக்கிறாள் என்று அறைக் கட்சி திருப்பிக் கேட்டது. அஞ்சலாட்சியிடமே கேட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

ஜெயசீலன் மறுநாள் விடிந்ததும் அந்தக் கடைக்கு லாரியை எடுத்துக்கொண்டு போனான். உன் மகள் வெளிநாட்டுக்கு ஆடப் போகிறாள், உன் கன்னம் வேண்டியிருக்கிறது என்று சொன்னானாம். தணிகாசலம் பிசைந்த மாவைப் பிசைந்தபடியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேன் வந்தபோது ஊர் தயாராக இருந்தது. ஜமீலா இறங்கி வரிசையைப் பார்த்தாள், பலாப்பழத்தைப் பார்த்தாள், ஆடுகளைப் பார்த்தாள், கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆள் நேரில் வர வேண்டும், தன் ரேகையைத் தன் சம்மதத்தோடு பதிக்க வேண்டும், அது என் கண் முன்னால் நடக்க வேண்டும், ரேகை உடம்பில்தான் இருக்க வேண்டும் என்று நான் எங்கேயும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். பழம் உருண்டது, ஆடு குனிந்தது, நிலைப்படியைப் பெயர்க்க முடியாததால் வேனே அந்த வீட்டு வாசலுக்குப் போனது, குளத்துத் தண்ணீர்மேல் தாளை விரித்து எடுத்தார்கள், உழுத காட்டின் நடுவில் தாளை வைத்துவிட்டு மரியாதையாக எல்லாரும் வரப்பில் போய் நின்றுகொண்டோம், எடுத்துப் பார்த்தபோது அந்தக் காடு முழுவதும் ஒரு விரலளவுக்குச் சுருங்கித் தாளில் விழுந்திருந்தது. முத்திரை விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நாங்கள் விசில் அடித்தோம். தையநாயகியின் பழம் தன் வேலை முடிந்த மாத்திரத்தில் வெடித்தது, ஊரே சுளை தின்றது.

அப்போது லாரி வந்து நின்றது. தணிகாசலம் இறங்கினான், தொப்பை போட்டிருந்தான், தலை நரைத்திருந்தது, துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. விசில் சத்தம் நின்றுவிட்டது. அஞ்சலாட்சி அவனைப் பார்க்காமல் ஜமீலாவிடம் போய், பத்திரத்தை எடுங்கம்மா என்றாள். ஜமீலா எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை. இதில் உங்கள் கணவர் இருக்குமிடம் தெரியாது என்று எழுதியிருக்கிறதே, அவரையே பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, அவர் கன்னத்தாலேயே இதில் எப்படிப் பதிக்கிறது என்று கேட்டாள். அதுவரைக்கும் ஊரில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அவன் வராவிட்டால் ரேகை இல்லை, வந்துவிட்டால் பத்திரம் பொய். ஜமீலா அதைக் கிழித்தாள், கிழிந்த சத்தத்தில் சங்கவியின் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள், ஆனால் ஜமீலா அதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்து வேறொன்று அடிக்க ஆரம்பித்திருந்தாள். இனிமேல் இரண்டு பேருமாகச் சம்மதம் கொடுக்க வேண்டும், அப்பா கையெழுத்து, அம்மா ரேகை, கடலூர் போய்ச் சேர நேரம் இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்றாள்.

தணிகாசலம் துண்டை அவிழ்த்தான். ஜெயசீலன் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டு உடனே போட்டான், பேனாவைத் திருப்பிக் கொடுத்தான், பிறகு ஓரடி பின்னால் போனான்.

"அமுக்கினா இது என்ன வுட்டுப் போயிடுமா?" என்று கேட்டான்.

போய்விடும் என்று தையநாயகி சொன்னாள், மிஷினில் வைத்தபோது போகாத ரேகை பத்திரத்தில் பதிந்ததும் போய்விட்டது, அவள் பழத்தில் அப்புறம் வெறும் முள்தான் இருந்தது. தணிகாசலம் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"அங்க என் மூஞ்சியத் தொட்டது ஒருத்தருமில்ல. செவ்வாக்கெழம கண்ணாடியில பாத்தன், பாத்ததும் யாரு கைன்னு தெரிஞ்சிபோச்சி. இத்தினி வருசத்துக்கு இது ஒண்ணுதான் வந்துது. இதயும் குடுத்துட்டு வெறும் மூஞ்சியோட போன்னா நான் எப்டிப் போறது?"

எங்களுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ளலாமா என்று அறைக் கட்சியில் ஒரு யோசனை ஓடியது, ஜமீலா அதை எங்கள் முகத்திலேயே படித்துவிட்டு, வற்புறுத்தி வாங்குகிற ரேகைக்கு என் முத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டாள். அஞ்சலாட்சிக்குக் கெஞ்சத் தெரியாது, பழகவில்லை.

சங்கவிதான் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் செம்மண்ணில் வேனுக்கு முன்னால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் தாய், அந்தப் பக்கம் தகப்பன்.

"நான் பாடி வரன். நீ புடிச்சி நிறுத்திட்டன்னா ரேக ஒனக்கே. ஒன்னத் தொட்டுட்டுக் கோட்டுக்கு வந்துட்டன்னா அம்மாவுக்கு. சம்மதமா?"

அவன் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். தவழ்ந்த பிள்ளையாக விட்டுப் போனவள் தோளும் தொடையுமாக எதிரில் நின்று மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான், கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டான், சம்மதம் என்றான். எங்கள் ஊரில் அப்போது கேட்ட சத்தத்தை நான் எப்படி எழுதுவது, ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, கம்பெனிக் கொட்டகையிலிருந்து முதலாளியே கணக்கை விட்டு ஓடிவந்தார், வேன் கூரைமேல் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள், ஜமீலா அவர்களை இறங்கச் சொல்லவில்லை, அவளும் படிமேல் ஏறித்தான் நின்றாள்.

சங்கவி கபடி கபடி என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். இடது பக்கம் போக்குக் காட்டினாள், அவன் அசையவில்லை, வலது பக்கம் போக்குக் காட்டினாள், அசையவில்லை, தொப்பைக்காரன் என்று நினைத்துக் காலை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள், தொட்ட மாத்திரத்தில் அவன் தரையோடு தரையாக விழுந்து அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அது அந்தப் பழைய பிடி. சங்கவி குப்புற விழுந்தாள், பாட்டு நிற்கவில்லை. முழங்கையை ஊன்றி ஒரு சாண் நகர்ந்தாள், அவன் விடவில்லை, இன்னொரு சாண் நகர்ந்தாள், அவன் விடவில்லை, அவளும் மூச்சை விடவில்லை. அன்றைக்கு மாசித் திருவிழாவில் எந்தப் பிடியை விட்டானோ அந்தப் பிடியை இன்றைக்கு விடமாட்டேன் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், அவளோ அந்தப் பிடியையும் பிடித்திருந்த ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டு, மண்ணில் உழுதுகொண்டு வந்தாள், கட்சி பேதமில்லாமல் ஊரே அவளோடு சேர்ந்து மூச்சுப் பிடித்துக்கொண்டது, அவள் கை நீண்டது, விரல் நீண்டது, கோட்டின்மேல் விழுந்தது.

அவன் அப்போதும் பிடியை விடவில்லை. அப்படியே இழுபட்டு வந்து, அஞ்சலாட்சியின் காலடியில், இடது கன்னம் மண்ணில் அழுந்தக் கிடந்தான். எழுந்து உட்கார்ந்தபோது கன்னம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது, வியர்வையில் குழைந்த மண், ரேகை மேடுகள் ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஏறியிருந்தது. டீச்சர் மைப்பெட்டியை நீட்டினாள், ஜமீலா தலையை ஆட்டினாள். மை என்ன நிறம் என்று யாரும் கேட்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, அவன் எதிரில் உட்கார்ந்து, இதில் வற்புறுத்தல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஆட்டத்துல தோத்தன். வற்புறுத்தல் ஒண்ணுமில்ல" என்றான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், மூச்சு வாங்கியது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

அஞ்சலாட்சி குனிந்தாள். ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பத்திரத்தைக் கன்னத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். தாளில் சிவப்பாக, ஒரு வரி குறையாமல், அவள் ரேகை விழுந்திருந்தது. அவன் கன்னம் சாதாரணக் கன்னமாகிவிட்டது, அவள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தபோது அங்கே கல்யாணமாகி வந்த நாளில் இருந்த அத்தனை கோடும் இருந்தது. ஜமீலா கையெழுத்துப் போட்டாள், சிவப்பு வட்டத்தை ஒட்டினாள், முத்திரையை ஓங்கி வைத்தாள். நேரமாகிவிட்டது, தாயும் மகளும் ஏறுங்கள், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேனை ஸ்டார்ட் பண்ணினாள்.

தணிகாசலம் வேன் பக்கத்தில் வந்து நின்றான். நான் போறதா, இருக்கறதா என்று கேட்டான். ஊர் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஒங்கிட்ட இருந்த என் பொருள வாங்கிட்டன். இனிமே நீ போறதும் இருக்கறதும் ஒன் இஷ்டம்" என்றாள் அஞ்சலாட்சி. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது, அதில் கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லிவிட்டு ஏறப்போனவள் நின்றாள். மேசைமேல் திறந்திருந்த மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டாள். உடம்பெல்லாம் மண்ணாக உட்கார்ந்திருந்த சங்கவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இடது கன்னத்தில், தாடைக்குக் கொஞ்சம் மேலே, விரலை வைத்து மெல்ல ஒரு திருகு திருகி எடுத்தாள். போய் நல்லா ஆடிட்டு வா என்று மட்டும் சொன்னாள். கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு, உள்ளே வரி வரியாக ரேகையோடு, தணிகாசலத்துக்கு எந்த இடத்தில் இருந்ததோ அச்சு அசலாக அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது.

தணிகாசலத்தின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. அதை எடுக்காமல் அவன் அங்கேயே நின்றான், வேன் முந்திரிக் கொல்லைகளைத் தாண்டிக் கடலூர்ச் சாலையில் ஏறிய பிறகும் நின்றான். பிறகு வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, அஞ்சலாட்சியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். பொட்டுக் கட்சிப் பெண்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அறைக் கட்சி அன்றோடு கலைந்துவிட்டது, அதற்குத் தலைவராக இருந்தவன் நான்தான்.